கதவின் எந்தப் பக்கம்?

அடையாளம் என்பது யாருக்காக இடப்படுகிறது என்னும் கேள்வி, ஓய்வுபெற்ற மனிதன் ஒருவன் மாலை நடையில் அசைபோடுவதற்கு ஏற்ற சாதுவான கேள்வியாகத்தான் தோன்றும். ஆனால் அது என்னை நிம்மதியாக விட்டபாடில்லை. அதைக் கிளப்பிவிட்டது எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளியிருக்கும் ஒரு கதவு. கிழக்குத் தாம்பரத்தில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளடங்கிய தெரு எங்களுடையது. அந்த வீட்டிலிருப்பவர் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற கிறிஸ்தவ அம்மையார். தெருவுக்கே அவர் டீச்சரம்மா. பொங்கலுக்கு முன்னால் அவர் வீட்டுக்கு வெள்ளையடித்து, கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசினார்கள். பெயிண்டர் உப்புத்தாளால் வாசற்கதவைத் தேய்த்துக்கொண்டே வந்து, கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒட்டிக்கிடந்த ஒரு பழைய காகிதத்தின்மேல் கையை வைத்தபோது, உள்ளேயிருந்து வந்த டீச்சரம்மா, "அது இருக்கட்டும்ப்பா, சுத்திலும் அடிச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெயிண்டர் என்னைப் பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்தேன்.

அது இன்னதென்று சொல்ல அதிகம் வேண்டியதில்லை. 2020 மார்ச்சுக் கடைசியில், வெளிநாட்டிலிருந்து வந்திறங்கியவர்களின் வீடுகளில் சுகாதார ஊழியர்கள் ஒட்டிப்போன ஸ்டிக்கர். தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே நுழையாதே என்ற எச்சரிக்கையை அச்சடித்து, எந்தத் தேதிவரை என்பதற்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். டீச்சரம்மாவின் மகன் அந்த மாதம் துபாயிலிருந்து வந்திருந்தார். அவருக்கு ஒன்றும் நேரவில்லை. வீட்டில் ஒருவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. குறித்த கெடு ஏப்ரலில் முடிந்தது. ஸ்டிக்கர் மட்டும் தங்கிவிட்டது. வெயிலில் அச்செழுத்தெல்லாம் வெளுத்து, இன்று அது வெறும் மங்கல் காகிதம். ஆனால் தேதி இருக்கிறது. கதவில் ஒட்டிய பிறகு அதன்மேல் எழுதியிருக்கிறார்கள். செங்குத்தான பரப்பில் பால்பாயிண்ட் பேனாவில் மை சரியாக இறங்காதாகையால், அந்த ஊழியர் ஒரே கோட்டின்மேல் திரும்பத் திரும்ப அழுத்தி இழுத்திருக்கிறார். மை போய்விட்டது, அழுத்தம் போகவில்லை. சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது அந்த இலக்கங்கள் பள்ளம் பள்ளமாகத் தெரிகின்றன.

வாதையையும் வாசலில் இட்ட குறியையும் சேர்த்து நினைக்கும் எவருக்கும் யாத்திராகமத்தின் 12-ஆம் அதிகாரம் ஞாபகம் வராமல் இராது. 1937-இல் ஜார்ஜ் டவுனை விட்டுச் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்த கிறிஸ்தவக் கல்லூரியில் நான் படித்தவன். திருநீறு பூசிய நெற்றியுடன் வேதாகமத்தைப் புரட்டியவன். நதி இரத்தமாகி, தவளையும் பேனும் வண்டும் பெருகி, மிருகஜீவன்கள் மாண்டு, கொப்புளமும் கல்மழையும் வெட்டுக்கிளியும் காரிருளும் ஒன்றன்பின் ஒன்றாய் எகிப்தைப் பீடித்தபின், தலைச்சன் பிள்ளைகளைக் கொண்டுபோகும் பத்தாவது வாதை வரப்போகிறது. பத்தாந்தேதி ஓர் ஆட்டுக்குட்டியைப் பிரித்தெடுத்து, பதினாலாந்தேதிவரை வீட்டில் வைத்திருந்து, அந்திநேரத்தில் அடித்து, ஈசோப்புக் கொழுந்துகளை அதன் இரத்தத்தில் தோய்த்து, நிலைக்கால் இரண்டிலும் மேற்சட்டத்திலும் பூசவேண்டும் என்பது கட்டளை. குறியுள்ள வீட்டைச் சங்காரக்காரன் கடந்துபோவான்.

இங்கேதான் ஒரு சந்தேகம் புறப்படுகிறது. எல்லாம் அறிந்தவனுக்கு எந்த வீடு யாருடையது என்று தெரியக் குறி எதற்கு? கல்லூரி நூல்நிலையத்தில் எடுத்துப் பார்த்த ஒரு விளக்கவுரையில், பண்டை யூத ஆசாரியர்கள் இதைப்பற்றித் தர்க்கித்த செய்தி படித்தது அரைகுறையாக நினைவிலிருந்தது. பிற்பாடு தேடிச் சரிபார்த்துக்கொண்டேன். அந்த இரத்தம் பூசப்பட்டது வாசலின் உட்புறத்தில் என்கிறார் ரப்பி இஸ்மவேல். அது உங்களுக்கு அடையாளமாயிருக்கும் என்றுதான் சொல்லப்பட்டது, பிறருக்கு என்று சொல்லப்படவில்லை என்பது அந்தப் பக்கத்தாரின் வாதம். வெளிப்புறத்தில்தான் என்கிறார் ரப்பி ஈசாக்கு. எகிப்தியர் கண்டு குலை நடுங்கவேண்டும் என்பது அவர் காரணம். பிற்காலத்து உரையாசிரியர் ராஷி உட்புறத்தின் பக்கம் சாய்ந்தார். எனக்கு வியப்பு என்னவென்றால், உயிர் போகிற ராத்திரியைப்பற்றிய பேச்சில், கதவின் எந்தப் பக்கம் என்ற இத்தனை சிறிய விஷயத்துக்காக அறிஞர்கள் மெனக்கெட்டார்களே என்பதுதான். டீச்சரம்மாவின் கதவைப் பார்த்த பிறகு அந்த வியப்பு தீர்ந்துவிட்டது.

சிறுவயதில் எனக்கு அம்மை போட்டிருந்தபோது பாட்டி வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவைத்தாள். அதைக் கண்டால் தபால்காரர் படியேறமாட்டார். கீரைக்காரி கூவாமல் தாண்டிப்போவாள். பிச்சைக்காரன்கூட எதிர்சாரிக்கு மாறிக்கொள்வான். ஆனால் உள்ளே, அதே வேப்பிலைக்காக என்னை எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள். யாரும் என்னை அதட்டக்கூடாது, வீட்டில் தாளிக்கக்கூடாது. நோய் என்ற சொல்லே எழக்கூடாது. ஆத்தா வந்திருக்கிறாள் என்பதுதான் பேச்சு. தலைக்குத் தண்ணீர் விட்டு முடித்த அன்று பாட்டி அந்தக் கொத்தை எடுத்துக் கொண்டுபோய்க் கிணற்றடியில் போட்டாள். அவ்வளவுதான், வாசல் பழைய வாசல். எங்கள் வழக்கத்தில் குறிக்கு ஆயுள் உண்டு. இலை தானாகவே வாடிவிடும் என்பதும் அந்த ஏற்பாட்டின் ஒரு சௌகரியம்.

சர்க்கார் வைக்கும் குறிக்கு வெளிப்புறம் ஒன்றே உண்டு. 1665-இல் லண்டன் மாநகரத்தில் பிளேக் நுழைந்த வீட்டுக் கதவில் சிவப்புச் சிலுவை தீட்டி, உள்ளே இருப்பவர்களோடு சேர்த்துப் பூட்டினார்கள். 1896-இல் பம்பாயில் பிளேக் கண்டபோது, மனிதவாசத்துக்கு லாயக்கற்றது என்பதைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகளை வீட்டுச் சுவர்களில் எழுதினார்கள். அடுத்த ஆண்டே தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. கொரோனா ஸ்டிக்கர் அந்த வம்சத்தின் கடைக்குட்டி. உரிய அதிகாரி பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உத்தரவிட்டாலொழிய நோயாளியின் வீட்டு வாசலில் இப்படி ஒட்டக்கூடாதென்று 2020 டிசம்பர் 9-ஆந்தேதி உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒட்டுவதைப்பற்றி நீதிமன்றம் சொல்லலாம். ஒட்டியதைக் கிழிக்கமாட்டேன் என்பவரைப்பற்றி யார் சொல்ல?

12-ஆம் அதிகாரத்தைத் திரும்ப எடுத்துப் படித்தபோது, முன்பு நான் கவனியாமல் கடந்துபோன ஒன்று கண்ணில் பட்டது. அதிகாரம் ஆட்டுக்குட்டியில் தொடங்கவில்லை, மாதத்தில் தொடங்குகிறது. ஒன்பது வாதை முடிந்து பத்தாவது தலைக்குமேல் நிற்கும் வேளையில், அடிமைகளாயிருந்த ஒரு ஜனத்துக்கு முதற்கட்டளையாகச் சொல்லப்படுவது, இனி இந்த மாதமே உங்களுக்கு வருஷத்தின் முதல் மாதம் என்பது. பஞ்சாங்கம் திருத்துகிற சமயமா அது? பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய உரையாசிரியர் ஸ்போர்னோ இதற்கொரு சமாதானம் சொல்கிறார்: அடிமைக்கு நாட்கள் சொந்தமல்ல, எஜமானனுடையவை, விடுதலை என்பது முதலில் நாட்கள் கைக்கு வருவது. ஊரடங்கின்போது எங்கள் வீட்டு நாள்காட்டியில் தேதி கிழிக்கப்படாமலே தொங்கியதை நினைத்தால், அவர் சொன்னது எனக்கு முழுவதும் விளங்குகிறது.

அந்த முதல் மாதத்துக்கு ஆபிப் என்று பெயர். வாற்கோதுமை பச்சைக்கதிர் விடும் காலம், நம் பங்குனி சித்திரை. பழைய எபிரெயப் பெயர்களில் வேதாகமத்தில் மிஞ்சியிருப்பவை நான்குதான்: ஆபிப், சீப், ஏத்தானீம், பூல். பிற்பட்ட புத்தகங்களில் நிசான், சீவான், கிஸ்லேயு, ஆதார் என்று வேறு பெயர்கள் வருகின்றன. அவை பாபிலோனியப் பெயர்கள். சிறைபிடித்துக் கொண்டுபோனவர்களின் மாதப் பெயர்களை, சிறை தீர்ந்து திரும்பிய யூதர்கள் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். அவர்களுடைய ஆசாரியர்களின் விவாதத் தொகுப்பான தால்மூத் இதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறது. அவற்றில் தம்மூஸ் என்பது ஓர் அந்நிய தெய்வத்தின் பெயர்! எருசலேமின் அலங்கத்தை மறுபடி கட்டினவர்களுக்கு இந்தப் பெயர்களைச் சுரண்டியெறிவது எம்மாத்திரம்? அவர்கள் சுரண்டவில்லை, சுற்றிலும் வர்ணம் அடித்துக்கொண்டு, இன்றுவரை அதே பெயர்களால் பண்டிகைக்கு நாள் பார்க்கிறார்கள். அலட்சியமா, பழக்கமா, அல்லது அங்கே இருந்தோம் என்பதை மறக்கக்கூடாதென்ற பிடிவாதமா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ரோம ஆட்சியாளர்களின் பெயரால் ஜூலை, ஆகஸ்டு என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். எனக்கு அதைப்பற்றி எந்த நாளும் சிந்தனை ஓடியதில்லை. ஆண்டின் தலை தையா சித்திரையா என்பதற்கு நாம் 2008-இல் ஒரு சட்டமும் 2011-இல் அதை நீக்க இன்னொரு சட்டமும் போட்டோம். அவர்களிடம் அந்தத் தகராறு வேறு விதமாய்த் தீர்ந்திருக்கிறது: மாதம் எண்ண நிசான் முதல், புத்தாண்டு கொண்டாட ஏழாம் மாதமாகிய திஷ்ரி.

இன்னொன்றும் உண்டு. இரத்தம் பூசும் சடங்கு எகிப்தில் அந்த ஓர் இரவுக்கு மட்டுமே உரியது, பின்வரும் தலைமுறையினர் அதன் நினைவாகக் கொண்டாடும் பஸ்காவில் அது கிடையாதென்று யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா வகுத்துவிட்டது. ஆக, குறி கதவிலிருந்து இறங்கி நாட்காட்டியில் ஏறிக்கொண்டது. எங்கள் பக்கத்துப் பரங்கிமலையிலும் இதற்கு நிகரான ஒன்று உண்டு. மலைமேல் 1547-இல் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை 1558 முதல் இரத்தமாய் வியர்த்ததென்றும், 1704-க்குப் பின் வியர்க்கவில்லையென்றும் ஐதிகம். கல் உலர்ந்துவிட்டது, ஆனால் டிசம்பர் 18-ஆந்தேதித் திருவிழா நிற்கவில்லை. துன்பத்தை ஒரு தேதியில் குடிவைத்துவிட்டால் மற்ற நாட்களில் கதவைச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம் என்பது விவேகமான ஏற்பாடாகத்தான் படுகிறது. பிறகு டீச்சரம்மா ஏன் இதைச் செய்யவில்லை?

2021 மே மாதம், அவர் வீட்டுக்கு நேர் எதிர்வீட்டில் முப்பது வயதுப் பையன் போய்விட்டான். ஆக்ஸிஜன் படுக்கைக்கு அலைந்து, கிடைத்தபின் போனான். அப்போது ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கமே நின்றிருந்தது. அந்தக் கதவில் ஒரு குறியும் இல்லை. குறி பெற்ற வீடு தப்பியது, குறியற்ற வீட்டில் கூக்குரல் எழுந்தது என்று நான் மனத்துக்குள் கதையைப் பொருத்திப் பார்த்ததும், உடனே அருவருத்ததும் உண்மை. அவன் அந்த வீட்டின் தலைச்சனும் அல்ல, கடைசிப் பிள்ளை. வாழ்க்கை வேதாகமத்தோடு வரிக்குவரி ஒத்துப்போவதில்லை. ஆனால் டீச்சரம்மாவும் அப்படிப் பொருத்திப் பார்த்திருப்பாரோ? தினமும் கோலம் போட வெளியே வந்து, எதிர்வீட்டுக்காரம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அந்தக் காகிதம் அவர் கண்ணுக்கு நேரே நிற்கும். அது நன்றியா, கூச்சமா? நமக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்ற, யாரிடமும் கேட்க முடியாத கேள்வியா? 2020-இல் பஸ்கா இரவு ஏப்ரல் 8. வானத்தில் பங்குனிப் பௌர்ணமி. இரண்டு நாள் கழித்துப் பெரிய வெள்ளி, கோயில்களெல்லாம் பூட்டிக்கிடந்தன. அந்த வாரம் முழுதும் அவர் அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தார்; நாங்கள் அதற்கு வெளியே, பால் பாக்கெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டு விரைவாக நகர்ந்தோம். ஒருவேளை அதுதான் காரணமோ? நாங்கள் நகர்ந்த வேகம் எங்களுக்கு ஞாபகமிருக்கட்டும் என்பதற்கோ?

நேரே கேட்டுவிடலாம் என்று ஒருநாள் பேச்சை அந்தப் பக்கம் திருப்பினேன். "தேதி எழுதின பிள்ளை ரொம்பச் சின்னப் பொண்ணு சார், கை நடுங்கிச்சு" என்றார் டீச்சரம்மா. பிறகு முருங்கைக்காய் விலையைப்பற்றிப் பேசினார்.

ரப்பி ஈசாக்கு ஜெயித்தார் என்று முதலில் நினைத்தேன். காகிதம் வெளிப்புறத்தில்தானே இருக்கிறது, தெருவே பார்க்கிறது. ஆனால் தெரு என்னத்தைப் பார்க்கிறது? அச்சு அழிந்துவிட்டது, புதிதாய்க் குடிவந்தவர்களுக்கு அது ஏதோ கிழிந்த விளம்பரம். யூதர் வீட்டு நிலைக்காலில் பொருத்தும் மெசூசாவில் வசனம் சுருளாகி உறைக்குள் கிடப்பதுபோல, இதில் எழுதியிருப்பதும் அந்த வீட்டுக்கு மட்டுமே தெரிந்ததாகிவிட்டது. அப்படியானால் ரப்பி இஸ்மவேல் சொன்னதே சரி. அந்தச் சிறு பெண் நடுங்கும் கையால் அழுத்திய இலக்கங்களை டீச்சரம்மா யாருக்காகக் காப்பாற்றுகிறார் என்பது மட்டும் இந்த இருவருடைய வாதத்திலும் அடங்கவில்லை. தனக்காகவா, எதிர்வீட்டுக்காகவா, கதவு கதவாக ஏறி இறங்கிய அந்தப் பெண்ணுக்காகவா? மூன்றுக்கும் எனக்குக் காரணம் தோன்றுகிறது. மூன்றுக்கும் மறுப்பும் தோன்றுகிறது.