வெளியே நிற்பவர்

1816இல் பாரிஸில் லாயென்னெக் என்ற டாக்டர், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூசி, காகிதத்தைக் குழலாகச் சுருட்டினார். ஸ்டெதாஸ்கோப் அப்படிப் பிறந்தது. டாக்டரின் கூச்சத்தை அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றியது என்பதற்கு வைத்திய சரித்திரத்தில் இடமில்லை.

தொலைமருத்துவம் என்றதும் நம்மவர்கள் ஸ்பரிசம் போயிற்று என்று அங்கலாய்க்கிறார்கள். எனக்கு அதில் அதிக அக்கறை இல்லை. ஸ்பரிசத்துக்குப் பயந்தே ஆஸ்பத்திரிப் பக்கம் போகாத பெண்கள் உண்டு. அவர்களுக்குத் தூரம் ஒரு சலுகை. பிரச்னை வேறு இடத்தில் இருக்கிறது. பரிசோதனை அறையில் நர்ஸ் கணவனைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்கிறாள். மருத்துவத்தின் அதிகாரங்களில் மிக எளியது இது. பெண்ணைப் பொறுத்தவரை மிகப் பெரியது. வெள்ளைப்படுதல், கலைந்த கரு, வாங்கிய அடி எல்லாம் கதவு சாத்தப்பட்ட பின்பே பேச்சாகின்றன. செல்போனால் யாரையும் வெளியே அனுப்ப முடியாது. பல வீடுகளில் போனே அவனுடையது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாங்களே பயன்படுத்தும் செல்போன் உள்ள இந்தியப் பெண்கள் 54 சதவீதம்தான்.

அந்தரங்கம் என்று ஸ்தாபனங்கள் சொல்வது, தகவல் போகும் வழியில் பிறர் கைவைக்காமல் பூட்டுவதை. ஒற்றை அறை வீட்டில் மாமியார் அடுப்படியிலேயே இருக்கிறார்.

மத்திய அரசின் இ-சஞ்சீவனியில் இரண்டு வழிகள். 2019 நவம்பரில் வந்ததில், சுகாதார மையத்தில் பணியாளர் உடனிருக்க எங்கோ உள்ள டாக்டருடன் பேசலாம். 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது வந்ததில், வீட்டிலிருந்தே பேசலாம். பின்னதுதான் முன்னேற்றம் என்று தோன்றும். கல்வராயன் மலைக்கு முன்னதே வேண்டும் என்பேன்: சாத்துவதற்கு ஒரு கதவு, சாத்த ஒரு நர்ஸ், பிறகு திரை. (நர்ஸ் ஊர்க்காரியாக இருந்தால் அதுவும் ஒரு காதுதான். இருக்கட்டும்.)

மலை என்றதும் தூரத்தைக் காரணம் சொல்லிவிடுகிறோம். கருணாபுரம் மலையில் இல்லை, கள்ளக்குறிச்சி நகருக்குள்ளேயே இருக்கிறது. 2024 ஜூனில் அங்கும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இறந்தவர்களில் பெண்களும் உண்டு. மெத்தனாலுக்கு மாற்றுமருந்து இருக்கிறது. சீக்கிரம் கொடுக்க வேண்டும். வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல் என்று மட்டும் கேட்கும் டாக்டருக்கு எந்த வியாதியும் தோன்றலாம். குடித்தேன் என்று ஒரு பெண் வாய்திறக்க, அந்த அறையில் யார் யார் இல்லாதிருக்க வேண்டும்?