கெடுதல் செய்யாமல் இருந்தால் போதுமா?

"நான் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்றதில்ல" என்று நம்மில் பலர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நல்ல விஷயம்தான். ஆனால், அது மட்டும் போதுமா? திருக்குறளில் கொல்லாமை 33ஆவது அதிகாரம். அருளுடைமை 25ஆவது அதிகாரம். இரண்டும் ஒன்றுதான் என்றால் வள்ளுவர் ஏன் தனித்தனியாக எழுத வேண்டும்? பள்ளியில் படித்தபோது இந்த வேறுபாடு எனக்குப் பிடிபடவில்லை. கனடாவில் சில வாத்துகளைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது.

வாத்தா என்று சிரிக்காதீர்கள், தம்பி தங்கைகளே. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

மேற்படிப்புக்காக வின்னிப்பெக் நகரில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். அங்கே நவம்பரில் விழும் பனி மார்ச் வரை தரையில் கிடக்கும். ஜனவரி இரவில் மைனஸ் 30 பாகைக்குக் கீழே இறங்குவது அதிசயமே இல்லை. நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் ஐஸ் கட்டி உறையும் பகுதியே சுமார் மைனஸ் 18 பாகைதான்! நகருக்கு வெளியே நான் வாடகைக்குத் தங்கியிருந்த வீட்டில், வீட்டுக்கார அம்மா ஆறு வெள்ளை வாத்துகள் வளர்த்தார். அவருக்கு எழுபது வயதைத் தாண்டியிருக்கும். காலை வேளைகளில் நானும் உதவிக்குப் போவேன்.

"வாத்து தண்ணிப் பறவையாச்சே, குளிர் அதை என்ன செய்யும்? இயற்கை பார்த்துக்கும்" என்று நீங்கள் கேட்கலாம். பாதி உண்மை. வெளி இறகுக்கு அடியில் மெத்தை போன்ற மென்தூவி இருக்கிறது. வால் அருகே சுரக்கும் எண்ணெயை அலகால் எடுத்து, இறகில் தண்ணீர் ஒட்டாதபடி பூசிக்கொள்கிறது. காலில் இறங்கும் சூடான இரத்தமும் ஏறிவரும் குளிர்ந்த இரத்தமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதால், உடம்பின் சூடு வெளியே வீணாவதில்லை.

மீதிப் பாதிதான் முக்கியம். மல்லார்ட் எனப்படும் பச்சைத்தலைக் காட்டு வாத்து, குளம் உறைவதற்கு முன்பே தெற்கே பறந்துவிடும். அந்த அம்மா வளர்த்த பெக்கின் வாத்தும் மல்லார்ட்டின் வழிவந்ததுதான். சீனாவில் வளர்க்கப்பட்டு, 1873இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்ட இனம். இறைச்சிக்காகத் தலைமுறை தலைமுறையாக மனிதன் அதன் எடையைக் கூட்டினான். இப்போது அதனால் பறந்து போக முடியாது. தப்பிக்கும் வழியை அடைத்தது இயற்கை அல்ல, நாம்தான். அப்புறம் இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று சொல்வது என்ன நியாயம்?

கெடுதல் செய்யாமல் இருப்பதற்கும் அருளுக்கும் உள்ள இடைவெளி இங்கேதான் தெரிகிறது. மைனஸ் 30 பாகையில் அந்த ஆறு வாத்துகளைக் கொல்ல யாரும் கத்தி எடுக்க வேண்டாம். ஒன்றும் செய்யாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாலே போதும்.

அன்பு மட்டும் இருந்தாலும் காரியம் ஆகாது. "ஐயோ பாவம், குளிருமே" என்று கொட்டகையின் எல்லாச் சந்தையும் அடைத்தால் என்ன ஆகும்? மூச்சிலும் எச்சத்திலும் இருந்து வரும் ஈரம் உள்ளேயே தங்கி, இறகிலும் காலிலும் படியும். ஈரமான கால்தான் சீக்கிரம் உறைந்து புண்ணாகும். எச்சத்தின் அமோனியா நெடி கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். அதனால், காற்று அவற்றின் மேல் நேராக அடிக்காதபடி, தலைக்கு மேலே உயரத்தில் திறப்பு வேண்டும். வாத்து கோழி மாதிரி கம்பில் ஏறித் தூங்காது, தரையில்தான் படுக்கும். ஆகவே காய்ந்த வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி, ஈரமானதை அள்ளிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். வைக்கோலுக்குப் பக்கத்தில் சூடேற்றும் விளக்கைத் தொங்கவிட்டால் கொட்டகையே எரிந்துபோகலாம்.

தண்ணீர்தான் பெரிய வேலை. வாத்துக்குக் குடிக்க மட்டுமல்ல, தீனியை விழுங்கவும் மூக்கை முக்கிக் கழுவவும் தண்ணீர் வேண்டும். அந்தக் குளிரில் வைத்த தண்ணீர் சீக்கிரமே பனிக்கட்டியாகிவிடும். அந்த அம்மா ஒரு நாளைக்கு மூன்று தடவை வெதுவெதுப்பான தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போவார். ரப்பர் தொட்டியைக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டினால் பனிக்கட்டி கழன்று விழும். கடுங்குளிர் நாளில் நீந்த விடமாட்டார். நனைந்த இறகு உறைந்துவிடும் என்பார். சாயங்காலம் சோளம் கொஞ்சம் கூடுதல்.

"ஏன் இவ்வளவு சிரமம்?" என்று ஒருநாள் கேட்டேன். "அதுங்களால குழாயைத் திறக்க முடியாதே" என்றார். அவ்வளவுதான் பதில்.

இதை ஈப்போ நண்பனிடம் சொன்னபோது, "மனுஷனுக்கே சோறு இல்லாத உலகத்துல, ஆறு வாத்துக்கு இவ்வளவா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஏழையின் பசி நம் எல்லாருக்கும் பொதுவான கடமை. ஒருவர் விட்டால் இன்னொருவர் செய்ய வாய்ப்புண்டு. ஆனால், அந்த ஆறு உயிருக்கும் இருப்பது அந்த அம்மா ஒருவர்தான். அவர் போகாவிட்டால் அன்றைக்கு யாரும் போகமாட்டார்கள். ஒன்றைக் காட்டி இன்னொன்றிலிருந்து தப்பிக்க முடியாது. பெற்றோர், தம்பி தங்கை, நம்மை நம்பியிருக்கும் யாருக்கும் இதே கணக்குதான்.

அப்படியானால் கடமை எப்போது தொடங்குகிறது? குளிர் வந்த பிறகு அல்ல, வாங்குவதற்கு முன்பே. நம் கம்பத்து வீடுகளில் காணும், முகத்தில் சிவப்புச் சதையுள்ள செராத்தி வாத்து வெப்ப நாட்டிலிருந்து வந்தது. அதன் கால் சீக்கிரம் உறையும். அங்கே சிலர் வசந்த காலத்தில் அழகுக்காக வாத்துக்குஞ்சு வாங்கி, வளர்ந்ததும் பூங்காக் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். விடுதலை கொடுத்துவிட்டதாக ஒரு நினைப்பு! குளம் உறையும்போது பறக்கத் தெரியாத அந்த வாத்து எங்கே போகும்?

நம் ஊரில் பனி இல்லை. ஆனால், பிறந்தநாளுக்கு வாங்கிய முயல் உண்டு, வெயிலில் கட்டிப்போட்ட நாய் உண்டு, அலுத்துப்போய் நீர்த்தேக்கத்தில் விட்ட ஆமை உண்டு. ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இதற்கு என்ன தேவை என்று எனக்குத் தெரியுமா? தேர்வு வாரத்திலும் அதை என்னால் செய்ய முடியுமா? நான் வெளியூர் போனால் யார் செய்வார்கள்? பதில் இல்லையென்றால், வாங்காமல் இருப்பதும் அருள்தான்.