பீப்பாவின் வாசனை



குருவானவர் ஒருவர் விஸ்கியைப் பற்றி எழுதுகிறாரே என்று புருவத்தை உயர்த்த வேண்டாம். குடியினால் சீரழிந்த குடும்பங்களின் கண்ணீர் நம் பங்குகளில் போதியளவு உண்டு. அதைக் கூட்ட இந்தப் பத்திரிகைக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தப் பானம் முதிரும் விதத்தில் பெற்றோர் கேட்கவேண்டிய செய்தி ஒன்று இருக்கின்றது.

ஸ்கொட்லாந்தின் வடபுறத்தே தேய்ன் என்றொரு சிறு பட்டினம் உண்டு. புனித டுதாக் என்பவரின் திருத்தலம் அங்கிருந்தது. நான்காம் ஜேம்ஸ் மன்னர் அவ்விடத்துக்குப் பலமுறை திருயாத்திரை போனவர். அதே மன்னருக்காக உயிர்நீர் வடிக்கும்படி, ஜோன் கோர் என்னும் துறவிக்கு முளைதானியம் கொடுக்கப்பட்டதாக 1494ஆம் ஆண்டின் அரச கணக்கேடு கூறுகின்றது. ஸ்கொட்லாந்து விஸ்கிக்கு இதுவே மிகப் பழைய எழுத்துச் சான்று. ஆகவே துறவற மடங்களுக்கு இது முற்றிலும் அந்நியமான கதையுமல்ல!

இன்று அதே தேய்ன் பட்டினத்தில் கிளென்மொரஞ்சி என்ற வடிசாலை இருக்கின்றது. முளைகட்டிய பார்லியிலிருந்து, செப்புக் கலங்களில் வடித்தெடுக்கும் மது அங்கே பச்சைத் தண்ணீர் போல நிறமற்று வருகின்றது. சட்டப்படி அது ஓக் மரப் பீப்பாவுக்குள் ஆகக் குறைந்தது 3 ஆண்டுகளாவது கிடக்கவேண்டும். அதற்கு முன் அதை ஸ்கொட்ச் விஸ்கி என்று அழைக்க முடியாது. கிடக்கும் காலத்தில் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்கு மரத்தினூடாக ஆவியாகிப் போகும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘சம்மனசுகளின் பங்கு’. பாவம், சம்மனசுகளுக்கு இப்படியும் ஒரு பழி.

இந்த வடிசாலையிலிருந்து வரும் மூன்று விஸ்கிகளைச் சுவை பார்ப்போர் அருகருகே வைத்து ஒப்பிடுவர். தேர்ந்தவர்கள் இதைச் செய்யும் விதத்தைக் கவனியுங்கள். வாய் ஒடுங்கிய குவளையில் சிறிதளவு வார்த்து, சில துளி தண்ணீர் விட்டு, மூக்கினால் முகர்கிறார்கள். விஸ்கிகளைக் கலக்கும் வேலையில் உள்ளவர்கள் நாளொன்றுக்கு அநேக மாதிரிகளை முகர்ந்தே தரம் பிரிக்கிறார்கள். விழுங்கினால் வேலை நடக்காது. அந்தப் பானத்தை உலகிலேயே நன்றாக அறிந்தவர்கள் அதை மிகக் கவனமாகத் தொடுகிறார்கள் என்பதை நம் ஊர்ச் சூரர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, அமெரிக்க பேர்பன் மது இருந்த பீப்பாவில் முதிர்ந்தது. உட்புறம் கருக்கிய புதிய ஓக் பாத்திரத்திலேயே பேர்பன் வைக்கப்படவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஆகையால் ஒருமுறை பாவித்த பீப்பாக்கள் மலிந்து கிடக்கும்; ஸ்கொட்லாந்துக்காரர் அவற்றை வாங்கிக்கொள்கிறார்கள். அதில் வளர்ந்த விஸ்கி வெளிர்பொன் நிறம். வனிலா, தேன், தோடம்பழ வாசனை. இரண்டாவதின் பெயர் லசான்ரா. பேர்பன் பீப்பாவில் பல ஆண்டுகள் கிடந்தபின், ஸ்பானிய ஷெரி என்னும் திராட்சை மது இருந்த பீப்பாவுக்கு மாற்றப்பட்டது. அதில் முந்திரிகை வற்றலும் கறுவாவும் மணக்கும். மூன்றாவது கின்ரா ரூபன். இது அவ்வாறே போர்த்துக்கல் நாட்டுப் போர்ட் மதுவின் பீப்பாவுக்கு மாற்றப்பட்டது. செம்மை படர்ந்து, கறுப்புச் சொக்கிலேட்டை நினைவூட்டும்.

வடித்த கலம் ஒன்று, கைகளும் ஒன்று. ஆனால் பீப்பாவில் முன்னர் எது இருந்ததோ அதன் வாசனை மரத்தில் ஊறி நின்று, பின்னால் வந்ததற்குள் இறங்கிவிடுகின்றது. பீப்பாவைக் காலியாக்கி அனுப்பினார்களே என்று வாதாடிப் பயனில்லை. மரம் மறப்பதில்லை.

பெற்றோரே, பிள்ளை வந்து விழும் பீப்பா உங்கள் வீடு. அவன் பிறக்குமுன்பே அந்த வீட்டில் எது ஊறியிருந்தது? மாமியாரோடு பேசாத பத்து வருடமா? காணிச் சண்டையா? மாலையானால் தகப்பனின் காலடிச் சத்தம் கேட்டுத் தாய் முகம் மாறுகிற பயமா? அல்லது விளக்கேற்றி எல்லாரும் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லும் பழக்கமா? பிள்ளைக்கு முன்னால் சண்டை பிடிப்பதில்லை என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். சண்டையைப் பிள்ளை காணாமலிருக்கலாம். அதன் மணத்தைக் காணாமலிருக்க முடியுமா?

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். லசான்ரா முதன்முதல் 2007இல் இந்தப் பெயரோடு வெளிவந்தபோது, முதற்பீப்பாவில் 10 ஆண்டும் ஷெரிப் பீப்பாவில் 2 ஆண்டும் இருந்தது. இரண்டாவது பீப்பா நல்ல மெருகு கொடுத்தது உண்மை. ஆயினும் முகர்ந்து பார்ப்பவர் அடியில் அந்தப் பழைய வனிலாவைக் கண்டுபிடித்துவிடுவார். பதினைந்து வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு, “சுவாமி, இவன் எங்கட சொல்லுக் கேக்கிறானில்லை, நீங்கள் புத்தி சொல்லுங்கோ” என்று வரும் தகப்பன்மாரைக் காணும்போது இந்தக் கணக்குத்தான் மனதில் ஓடும். மறைக்கல்வி வகுப்பும் விடுதியும் அருட்சகோதரிகளும் இரண்டாவது பீப்பா. அவர்கள் தங்களால் இயன்றதைச் செய்வார்கள். முதல் பத்து ஆண்டை அவர்களிடம் ஒப்படைக்கவில்லையே!

நிறத்தைக் கண்டும் மயங்கவேண்டாம். கருக்கிய சீனிச் சாயம் சேர்த்து விஸ்கிக்கு நிறமூட்ட அங்கே சட்டம் இடம் கொடுக்கின்றது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்பும் முன்வரிசை ஆசனமும் அப்படிப்பட்ட சாயமாக இருப்பதை எந்தப் பங்குக் குருவும் அறிவார்.

அப்படியானால் கெட்டுப்போன பீப்பாவுக்கு விமோசனமே இல்லையா? உண்டு. பலமுறை பாவித்து வலுவிழந்த பீப்பாவைப் பீப்பாச் செய்பவன் எறிந்துவிடுவதில்லை. மூடியைக் கழற்றி, உட்புறத்து மரத்தைச் சுரண்டி எடுக்கிறான். அடியில் புதுமரம் தெரிந்ததும் மறுபடியும் நெருப்புக் காட்டுகிறான். சுரண்டுவது வெளிப்பக்கத்தையல்ல, உள்ளே. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு எழும்பிய எவருக்கும் அந்த வலி தெரியும்; அதன்பின் வரும் இலேசும் தெரியும். நாற்பது, ஐம்பது வயதில் குடியை விட்டு எழுந்த தகப்பன்மார் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாலே போதும்.

ஆகவே அடுத்தமுறை மகனை அழைத்து வருகிற தகப்பனார் அவனை உள்ளே தள்ளிவிட்டு வாசலில் நின்று சுருட்டுப் பற்றவைக்க வேண்டாம். இரண்டு கதிரை போட்டு வைக்கிறேன்.