இரத்தப் பரீட்சையும் இரக்கமும்

பண்ணைகளிலே பெருந்தொகையாக அடைத்து வளர்க்கப்படும் கோழிகள் படும் வருத்தத்தை ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு அறிதல் கூடுமா? கூடுமாயின், அவ்வறிவு நமது கடமையை முடிவுசெய்யப் போதியதாகுமா? இவை வெவ்வேறு வினாக்கள். இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொள்வதனாலே பல மயக்கங்கள் விளைகின்றன. மாணாக்கருக்கு விலங்கியலையும் நல்லொழுக்கத்தையும் ஒருங்கே கற்பிக்கும் ஆசிரியர்கள் இவற்றைப் பிரித்தறிதல் இன்றியமையாதது.

அப்பரீட்சை யாதெனின், கோழி அச்சமுறும்போதும், வெப்பம் பசி முதலியவற்றால் வருந்தும்போதும், அதன் சிறுநீரகத்தை அடுத்துள்ள சுரப்பி கோட்டிக்கோஸ்தெரோன் என்னும் பொருளை இரத்தத்திலே கலக்கின்றது. சிறகின் நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தில் அதனை அளத்தல் ஒரு முறை. வெள்ளணுக்களை எண்ணுதல் மற்றொரு முறை. வருத்தம் நீடிக்குமாயின் ஹெற்றரோபில் என்னும் வெள்ளணுக்கள் பெருகும்; லிம்போசைற் என்பன குறையும். இவ்விரண்டின் விகிதம் நீடித்த வருத்தத்துக்கு ஏற்ற அளவுகோலாகுமென அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலே ஆராய்ந்த குரொஸ், சீகல் என்னும் இருவர் 1983ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர்.

இவை மெய்யான சாட்சிகளே. ஆயினும் குறைவற்ற சாட்சிகள் அல்ல. பறவையைக் கையாற் பற்றிய சில நிமிஷங்களுள்ளே கோட்டிக்கோஸ்தெரோன் ஏறிவிடுதலின், அளப்பவன் கையே அளவைக் கெடுத்தலும் உண்டு. முட்டையிடும் வேளையிலும் அஃது உயரும். வெள்ளணு விகிதமோ, வருத்தம் மிகக் கொடிதாயவிடத்து ஹெற்றரோபில் குறைந்துபோதலால், மாறாகக் காட்டுதலும் கூடும். ஆதலின், தாழ்ந்த எண்ணைக் கண்டவுடன் நலமென்று துணிதல் தவறாம்.

"இங்ஙனமாயின், கோழியின் துன்பம் ஐயத்துக்குரியது, ஐயத்துக்குரியதன்மேற் கடமை எங்ஙனம் எழும்?" என்பார் சிலர். பிறர் நோவை நாம் ஒருபோதும் நேரே கண்டதில்லை. அழுங் குழந்தையின் நோவையும் குறிகொண்டே அறிகின்றோம். அதன் அளவு தெரியவில்லையென்று எந்தத் தாயும் வாளாவிருப்பதில்லை. வாய்பேசாப் பிராணியினிடத்து மாத்திரம் முழுச்சான்று வேண்டுமென்பது நீதியன்று. சான்று குறைந்தவிடத்தே கவனம் மிகுதல் வேண்டும்.

வேறு சிலர், "இரக்கம் இருக்க ஆராய்ச்சி எதற்கு?" என்பர். இதுவும் பொருந்தாது. பிரித்தானியாவிலே பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் அமைந்த குழு, 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையிலே, கூட்டின் அடித்தளத்துக்கு மெல்லிய கம்பிவலை ஆகாதென்றும் தடித்த கம்பிவலையே தக்கதென்றும் கூறியது. 1973ஆம் ஆண்டில் ஹியூஸ், பிளாக் என்போர் கோழிகளையே தெரிந்துகொள்ள விட்டபோது, அவை மெல்லிய வலையையே விரும்பின. குழுவினரிடத்து நல்லெண்ணம் குறைவில்லை. கோழியின் விருப்பத்தை ஆராய்ந்து பாராமையே குறை.

அறிவில்லாத இரக்கம் வழிதவறும் என்பது இதனாற் பெறப்படும். இரக்கமில்லாத அறிவோ அதனினுங் கேடு பயக்கும். எவ்வாறெனின், எண்ணானது எவ்வளவு வருத்தம் உண்டென்று கூறுமேயன்றி, எவ்வளவு வருத்தலாமென்று கூறாது. ஐரோப்பிய ஒன்றியம் 1999ஆம் ஆண்டில் ஆக்கிய விதி, பழைய வெறுங்கூட்டிலே கோழியொன்றுக்கு 550 சதுர சென்ரிமீற்றர் இடம் வகுத்தது. பாடசாலைகளில் வழங்கும் ஏ4 தாளின் பரப்பு ஏறக்குறைய 624. அத்தாளினுங் குறைந்த இடம் விதிப்படி போதியதாயிற்று! அவ்விதியே அக்கூடுகளை 2012ஆம் ஆண்டு தொடக்கம் விலக்கியதும் ஈண்டுச் சொல்லற்பாலது. மண்ணிலே புரளவும், கொம்பிலே தங்கவும், முட்டையிட மறைவிடம் தேடவும் அப்பறவைக்குள்ள இயல்பு அக்கூட்டினுள்ளே தடைப்பட்டது. இதனை உணர இரத்தப் பரீட்சை வேண்டுவதில்லை. முட்டையின் மலிவு கோழியின் இடத்தைச் சுருக்கிப் பெறப்பட்டதாயின், விற்போர் மாத்திரமன்றி வாங்குவோரும் அதற்குப் பொறுப்பாளிகளே.

ஆதலின், ஆசிரியர்காள், இவ்விஷயத்தைக் கற்பிக்கும்போது மாணாக்கரை முதலிலே, "இவ்வெண் எதனைக் காட்டுகின்றது? எதனைக் காட்டவில்லை?" என்று வினாவுங்கள். அதன்பின், "இதனை அறிந்த நாம் செய்யத்தக்கது யாது?" என்று வினாவுங்கள். முன்னதற்கு விடை ஆய்வுசாலையிலே கிடைக்கும். பின்னதற்கு விடை கூறும் பழக்கத்தைப் பிள்ளைகளிடத்து இளமையிலேயே உண்டாக்குதல் நம்மவர் கடன்.