வேலையில் இருக்கும் நாயும் உலாவ வந்த நாயும்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தைக் கால்நடையாகச் சுற்றிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தார்ச்சாலைகளை நாடுவதில்லை. வயல்களின் ஊடாகவும், மேய்ச்சல் நிலங்களின் குறுக்காகவும், சில இடங்களில் பண்ணை வீட்டு முற்றத்தை ஒட்டியும் செல்லும் பொது நடைபாதைகள் வழியாகவே நடக்கிறார்கள். நிலம் தனியாருக்குச் சொந்தமானாலும் அதன் மீது நெடுங்காலமாக நடந்து வந்த பாதையில் செல்லும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு என்பது அந்நாட்டின் பழைய வழக்கம். அந்தப் பாதைகளை முறையாக வரைபடத்தில் பதிய வேண்டும் என்று 1949ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இங்கிலாந்திலும் வேல்சிலுமாக இவற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர். பிறருடைய தொழிலிடத்தின் நடுவே இவ்வாறு நடப்பதால், வழிப்போக்கர் அங்கே ஊராரைச் சந்திக்கும் முன்பே ஊராரின் நாயைச் சந்தித்துவிடுகிறார். அந்த நாய் வேலையில் இருக்கிறதா, உலாவ வந்திருக்கிறதா என்று பார்த்தறிவதே அந்தப் பாதைகளில் நடப்பவர் முதலில் கற்க வேண்டியது.

வடக்கே கம்பிரியா, நார்தம்பர்லாந்து, யார்க்‌ஷயர் ஆகிய மலைப்பாங்கான பகுதிகளில் எதிர்ப்படும் கறுப்பு வெள்ளை நாய் பெரும்பாலும் ‘பார்டர் கோலி’ என்னும் மேய்ச்சல் நாயாக இருக்கும். ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய நிலப்பரப்பில் உருவான இவ்வினத்தின் மூதாதையாகக் கருதப்படுவது, நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் 1893ஆம் ஆண்டு பிறந்த ‘ஓல்டு ஹெம்ப்’ என்னும் ஆண் நாய்; ஓசையின்றியும் ஆடுகளை மிரட்டாமலும் வேலை செய்த அதன் இயல்புக்காகவே அக்கால மேய்ப்பர்கள் அதன் குட்டிகளைத் தேடி வாங்கினார்கள். இன்றும் நல்ல கோலி வேலையின்போது குரைப்பதில்லை. தலையைத் தோளுக்குக் கீழே தாழ்த்தி, முன்காலொன்றைப் பாதி தூக்கியபடி நிறுத்தி, வயிறு புல்லில் உரசும் அளவுக்குப் பதுங்கி, மந்தையை இமைக்காமல் நோக்குகிறது; அந்த நோக்கின் அழுத்தத்தாலேயே ஆடுகள் திரும்பி நகரத் தொடங்குகின்றன. மேய்ப்பர்கள் இந்த ஆற்றலைக் ‘கண்’ என்ற ஒற்றைச் சொல்லால் குறிப்பிடுகிறார்கள். ‘கம் பை’ என்றால் மந்தையை வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும், ‘அவே’ என்றால் இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும், ‘தட்ல் டூ’ என்றால் வேலை முடிந்தது, திரும்பி வரலாம் என்று பொருள்; குரல் எட்டாத தொலைவில் இதே கட்டளைகள் சீழ்க்கையொலியாகச் செல்கின்றன.

லேக் டிஸ்டிரிக்ட் எனப்படும் ஏரி மாவட்டத்து மலைச்சரிவுகளில் மேயும் ‘ஹெர்ட்விக்’ இனச் செம்மறிகளுக்கு மலையுச்சியில் வேலி கிடையாது. எந்தச் சரிவு தன்னுடையது என்பதைத் தாயாட்டின் பின்னே திரிந்து குட்டி கற்றுக்கொள்கிறது. அந்தப் பழக்கமே அவற்றுக்கு எல்லைக்கோடு. மயிர் கத்தரிக்கவும், குட்டிகளைப் பிரிக்கவும், குளிர்காலத்துக்கு முன் கீழே இறக்கவும், பாறையும் சேறும் நிறைந்த அந்த உயரங்களிலிருந்து ஆடுகளைத் திரட்டி வர வேண்டியிருக்கிறது. பண்ணையாளர்கள் பலர் சேர்ந்தாலும் நாய்கள் இன்றி அந்த வேலை நடவாது. இவ்வாறு திரட்டும் நேரத்தில் பாதையில் நிற்கும் பயணி, அழகான நாயைக் கண்ட மகிழ்ச்சியில் நாவைச் சொடுக்கியோ சீழ்க்கையடித்தோ அதை அழைத்தால், நாய் ஒரு கணம் தலை திருப்பும். மந்தையின் ஒரு பகுதி மேலே ஏறிவிடும். அவர் செய்ய வேண்டியதெல்லாம் ஆடுகள் வரும் வழியிலிருந்து விலகி, கல்சுவரோரமாக அசையாமல் நிற்பதுதான். மேய்ப்பர் கையுயர்த்தி நன்றி சொல்வார். நாய் திரும்பிக்கூடப் பாராது. அது தன் தொழிலுக்குக் காட்டும் மரியாதை என்று கொள்வதே சரி.

ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்று ஊர்ப்பெயரால் நாயினங்களை அறிந்த தமிழ் நேயருக்கு, ஆங்கில நாட்டு இனங்கள் பலவும் ஊரையும் பள்ளத்தாக்கையும் பெயராகத் தாங்கியிருப்பது வியப்பாக இராது. ‘டெரியர்’ என்பது பெரும்பாலும் நரியையும் எலியையும் அவற்றின் வளைக்குள்ளேயே சென்று எதிர்கொள்வதற்காக வளர்க்கப்பட்ட நாய்களின் பொதுப்பெயர். அவற்றுள் பெட்லிங்டன் டெரியர் நார்தம்பர்லாந்தின் சுரங்கத் தொழிலாளர் ஊரொன்றின் பெயரையும், ஏர்டேல் டெரியர் யார்க்‌ஷயரில் ஏர் ஆறு பாயும் பள்ளத்தாக்கின் பெயரையும் கொண்டவை. விலக்காக ஒன்று ஆளின் பெயரைப் பெற்றது: டெவன் மாவட்டத்தில் பாதிரியாராக இருந்து 1883ஆம் ஆண்டு மறைந்த ஜான் ரஸ்ஸல், ஆக்ஸ்ஃபோர்டில் படித்த காலத்தில் பால்காரர் ஒருவரிடம் ‘டிரம்ப்’ என்னும் பெண் நாயை வாங்கினார் என்றும், ஜாக் ரஸ்ஸல் டெரியரின் வழி அதிலிருந்தே தொடங்கியது என்றும் கூறுவர். நாய்களைக் கொண்டு நரி வேட்டையாடுவது 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. டெரியர்களோ பண்ணைகளில் எலி பிடித்துக்கொண்டும் வீடுகளில் செல்லமாகவும் தொடர்ந்து வாழ்கின்றன.

உலாவ வரும் நாய்களின் உலகம் முற்றிலும் வேறானது. கல்சுவரையோ வேலியையோ நடப்பவர் ஏறிக் கடப்பதற்கென அமைக்கப்படும் படிகள் ‘ஸ்டைல்’ எனப்படும். பல இடங்களில் இந்தப் படிகளின் அருகே, கையால் மேலே தூக்கக்கூடிய ஒரு பலகை மட்டும் தனியாகப் பொருத்தப்பட்டிருக்கும். படியேற முடியாத நாய் அதன் அடியில் நுழைந்து மறுபுறம் செல்ல, பலகை மீண்டும் கீழிறங்கி ஆடுகளைத் தடுக்கிறது. ஊர்ப்புறத்தில் மது, உணவு, ஊர்ப்பேச்சு மூன்றுக்கும் பொது இடமான ‘பப்’ வாசலில் நாய்களுக்கெனத் தண்ணீர்க் கிண்ணம் வைக்கப்பட்டிருப்பதும், உள்ளே மேசைக்கடியில் நனைந்த நாய் ஒன்று உறங்குவதும் இயல்பான காட்சிகள். முன்பின் அறியாதவரிடம் பேச்சுக்கொடுக்கத் தயங்கும் ஆங்கிலேயர்கூட நாயின் வயதையும் பெயரையும் கேட்டால் மனம் திறந்து பேசுகிறார். அடுத்த ஊருக்கான குறுக்கு வழியும், ஓடைப்பாலம் வெள்ளத்தில் போய்விட்ட செய்தியும் அந்தப் பேச்சின் வழியாகவே பயணிக்குக் கிடைக்கின்றன.

இந்த இனிமைக்குப் பின்னே கண்டிப்பான சட்டங்கள் உள்ளன. கால்நடைகளை நாய் துரத்த விடுவது 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேறு வழியில்லாத நிலையில் அத்தகைய நாயைச் சுடும் பண்ணையாளருக்கும் சட்டம் காப்பளிக்கிறது. கடுமையாகத் தோன்றினாலும் இதில் நியாயம் உண்டு, ஏனெனில் சினையாடு கடிபடாமல் வெறுமனே துரத்தப்பட்டாலே கரு கலைந்துவிடக்கூடும். யாவரும் உலாவலாம் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவிட்ட மலைவெளிகளில், தரையில் கூடு கட்டும் பறவைகளின் பொருட்டு, மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடித்துச் செல்ல வேண்டும். கன்றுடன் நிற்கும் பசுக்கள் நாயைக் கண்டு பாய்ந்து வந்தால் மட்டும் விதி நேர்மாறாகிறது: கயிற்றை உடனே விட்டுவிட வேண்டும், நாய் ஓடித் தப்பிவிடும், அதைக் காக்க முயலும் மனிதரே மிதிபடுகிறார்.

நாயோடு நடந்தவர்களில் ஆங்கிலேயர் இன்றும் நினைவுகூர்பவர் சார்லஸ் காஃப். 1805ஆம் ஆண்டு ஏப்ரலில் ஏரி மாவட்டத்து ஹெல்வெலின் மலையைத் தனியே கடக்க முயன்ற அவர் வழியில் இறந்துபோனார். ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் பின், நாய் குரைக்கும் ஒலி கேட்டுச் சென்ற மேய்ப்பர் ஒருவர், அவருடைய எலும்புகளையும் அருகிலேயே உயிரோடு இருந்த அவருடைய நாயையும் கண்டார். அத்தனை காலம் அது எதை உண்டு பிழைத்தது என்ற கேள்வி அப்போதே எழுந்து கசப்பான விவாதமாயிற்று. கவிஞர்களான வேர்ட்ஸ்வொர்த்தும் வால்டர் ஸ்காட்டும் அந்த விவாதத்தில் இறங்காமல் நாயின் பற்றையே பாடினர். 1890இல் மலைமேல் நினைவுக்கல்லும் நாட்டப்பட்டது. எதை உண்டதாயினும் அத்தனை காலத்துக்குப் பின்னும் அது அவரருகிலேயே இருந்தது என்பதில் ஐயமில்லை.

அறிமுகமற்ற நாயின் அருகே குனிந்து புறங்கையை நீட்டும் துணிவு அந்நாட்டில் எளிதாக வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தையும் வெறிநாய்க்கடி நோய் அச்சுறுத்தியது. நாய்களுக்கு வாய்க்கூடு கட்டாயமாக்கி, உரிமையாளரற்ற நாய்களைப் பிடித்து, வெளிநாட்டிலிருந்து வருபவற்றை மாதக்கணக்கில் தனியே அடைத்துவைத்து, 1902ஆம் ஆண்டுவாக்கில் அந்நோயை ஒழித்தார்கள். முதல் உலகப்போர் முடிவில் கடத்திக் கொண்டுவரப்பட்ட நாய்களால் மீண்டும் நுழைந்த அது, 1922ஆம் ஆண்டுக்குப் பின் அந்நாட்டு நாய்களிடையே பரவவில்லை. மகனையோ மகளையோ பார்க்க இங்கிலாந்து சென்று, மாலையில் வயல்வழியே நடக்கும் பெற்றோர்கள் அங்குள்ள நாய்களோடு வெறிநாய்க்கடி நோய் அச்சமின்றிப் பழகலாம்; கயிறு பிடித்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொட்டால் போதும். அந்நோய் இன்னும் ஒழியாத நம் ஊருக்குத் திரும்பிய பின் இங்குள்ள நாயிடம் கடியோ கீறலோ பட்டால், அது எவ்வளவு சிறிதாயினும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.