எந்தத் தப்பு?

மளிகைக் கடைத் துண்டுச் சீட்டைப் பையன் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். 85, 120, 65, 90. கடைக்காரர் பென்சிலால் போட்டிருந்த மொத்தம் 260. ஆறு போட்டுக் கையில் இரண்டு என்று வைக்க வேண்டிய இடத்தில் ஒன்றை வைத்துவிட்டார். ஆக வேண்டியது 360. நாங்கள் நீட்டிய ஐந்நூறு ரூபாய்க்கு மிச்சம் நூறு ரூபாய் கூடுதலாக வந்துவிட்டது.

“கணக்கு தப்பு, மாமா” என்றான். அக்கா மகன், ஐந்தாம் வகுப்பு.

“ஆமாம். தெரிஞ்சும் அந்த நூறு ரூபாயை வச்சுக்கிட்டா அதுவும் தப்பு. வா, கொடுத்துட்டு வந்துடலாம்.”

செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்: “ரெண்டும் ஒரே தப்பா?”

முதல் தப்பைச் சீட்டில் விரல் வைத்துக் காட்டிவிடலாம். இரண்டாவதை எங்கே வைத்துக் காட்டுவது? நோட்டை எத்தனை முறை புரட்டினாலும் காந்தியும் கையொப்பமும்தான் தெரிகின்றன.

எது சரி, எது தப்பு என்று ஆராய்வது அறவியல். ‘தப்பு’ என்று சொல்லும்போது நாம் என்னதான் சொல்கிறோம் என்று அதற்கும் ஒரு படி பின்னால் போய்க் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் துறையை மெட்டா எதிக்ஸ் என்பார்கள். 1936-இல், 25 வயதில் ‘மொழி, உண்மை, தர்க்கம்’ என்ற நூலை வெளியிட்ட ஏ. ஜே. அயர், பையனின் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் பணம்தான். ‘நீ பணத்தைத் திருடியது தப்பு’ என்றால் அதில் ‘திருடினாய்’ என்பது மட்டுமே தகவலாம். ‘தப்பு’ என்பது அதைச் சொல்லும்போது குரலில் ஏறுகிற அருவருப்பு. நம் வழக்கில் ஒரு ‘சீ!’. அந்தச் ‘சீ’ உண்மையா பொய்யா என்று யாரும் கேட்பதில்லை.

இளமையின் துணிச்சல் என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் அயரை அவ்வளவு சுலபமாக மடக்க முடியவில்லை. பிறகு ஒரு போர் வந்தது.

ஆர். எம். ஹேர் என்ற தத்துவவாதி 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் கைதியானவர். சயாம் - பர்மா ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்டார். சுமார் 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்த அதே மரண ரயில். உயிரோடு ஆக்ஸ்ஃபோர்டு திரும்பி 1952-இல் ‘அறநெறியின் மொழி’ எழுதினார். ‘தப்பு’ என்பது வெறும் உறுமல் இல்லை, ‘செய்யாதே’ என்ற விதிப்பு அதற்குள் இருக்கிறது என்றார். அந்த ‘செய்யாதே’ எனக்கும் உண்டு; நானே கல்லாவில் உட்கார்ந்திருந்தாலும் மாறாது. ‘நல்ல’ என்ற சொல்லும் அப்படித்தான்: பழத்துக்கு ஒரு அளவுகோல், கத்திக்கு ஒரு அளவுகோல், ஆனால் பரிந்துரை என்ற வேலை ஒன்றே. நம் நல்ல பாம்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

அதே ஊரில் இன்னொரு தத்துவவாதி, ஃபிலிப்பா ஃபுட். போர் முடிந்த 1945-இல் நாஜி வதைமுகாம்களின் படங்களைப் பார்த்தார். அங்கே நடந்ததை அக்கிரமம் என்கிறோம்; அது நம் மனப்பாங்கு, நாஜிகளுக்கு வேறொரு மனப்பாங்கு, அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை என்று விட்டுவிட முடியுமா? முடியாது என்பதை நிலைநாட்டவே அவர் வாழ்நாளில் பெரும்பகுதி போனது. நன்மை தீமை என்ற சொற்களை விரும்பிய இடத்தில் ஒட்ட முடியாது என்றார். மணிக்கு மூன்று தடவை கை கோத்துக்கொள்வது நற்செயல் என்று ஒருவன் சொன்னால் அவனோடு வாதாட மாட்டோம். என்ன சொல்ல வருகிறான் என்றே விளங்காமல் விழிப்போம். மனிதருக்கு எது நோகும், எது உதவும் என்பதோடு அந்தச் சொற்கள் கட்டுண்டவை.

ஒரே போரிலிருந்து இரண்டு முடிவுகள். எனக்கு ஃபுட் பக்கம்தான் சாய்வு. விரல் வைக்க இடம் இருக்கத்தான் செய்கிறது: இரவு கடைக்காரர் கல்லாவை எண்ணும்போது குறைகிற நூறு ரூபாய். ஆனால் அதையும் பார்த்துவிட்டு ‘அதனால எனக்கென்ன?’ என்று ஒருவன் கேட்டால்? கூட்டலில் தவறியவன் காட்டியதும் திருத்திக்கொள்கிறான். இவனுக்குக் காட்ட என்னிடம் மேற்கொண்டு எதுவும் இல்லை. அந்த இடத்தில் ஹேர் சிரிப்பது கேட்கிறது.

தெருமுனை வரை இதையெல்லாம் யோசித்துக்கொண்டு நடந்தேன். பையனிடம் சொன்னது, “தெரியலைடா, கிட்டத்தட்ட ஒண்ணுதான்” என்பது மட்டும்.

கடைக்காரர் சீட்டை வாங்கி, பென்சில் முனையால் மேலிருந்து கீழே இறங்கி வந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். “என் தப்புதான் சார். காலையிலேருந்து எத்தனை பேருக்கு இப்படிக் கூட்டினேனோ!” நோட்டைக் கல்லாவில் போட்டவர், எங்களைத் தாண்டித் தெருவைப் பார்த்தார். யாரிடமாவது கூடுதலாக வாங்கிவிட்டோமோ என்ற கலக்கம் முகத்தில் தெரிந்தது.

பையன் என் சட்டையை இழுத்தான். “மாமா, இவர் சொல்றது எந்தத் தப்பு?”