அடைக்கலப் பொருள்

திருவண்ணாமலைக்குப் பௌர்ணமி கிரிவலத்திற்காக வருவோர் கோயில் வாயிலில் காலணியை ஒப்படைத்து டோக்கன் பெறுகின்றனர். விடுதியில் ஆதார் நகலையும் கைப்பேசி எண்ணையும் தருகின்றனர். காலணி தொலைந்தால் யாரைக் கேட்பது என்பதில் ஐயமில்லை. தந்த தகவல் தொலைந்தால்?

நம்பி ஒப்படைக்கப்பட்டதை அடைக்கலம் எனப் போற்றியது தமிழ் மரபு. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மாதரியின் அடைக்கலமாயினர். கோவலனின் கொலையில் மாதரிக்குப் பங்கில்லை. ஆயினும் அடைக்கலத்தைக் காக்க இயலவில்லையே என்று தீப்புகுந்தாள். அம்முடிவை நாம் ஏற்கவேண்டுவதில்லை. ஆனால், குற்றம் இழைத்தவன் வேறொருவன் என்பதனால் காப்பாளரின் பொறுப்பு நீங்குமோ என்னும் வினா இன்றும் நம்முன் நிற்கிறது.

ரான்சம்வேர் என்னும் தீய மென்பொருள் கணினிக் கோப்புகளைப் பூட்டிவைத்து, திறக்கப் பணம் கேட்கும். 2017 மே மாதம் ‘வான்னாகிரை’ ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியது. திருப்பதி தேவஸ்தானக் கணினிகள் சிலவும் முடங்கின. அதனைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. பெரும்பாலும், பூட்டு கையிலிருந்தும் கதவைப் பூட்டாத இடங்களிலேயே திருடன் நுழைந்தான்.

2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை வழங்கும் சி-எட்ஜ் நிறுவனம் இத்தகைய தாக்குதலுக்கு உள்ளானது. தீங்கு பரவாதிருக்க, தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் அந்நிறுவனத்தின் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்தது. ஏறத்தாழ 300 கூட்டுறவு, கிராமிய வங்கிகளின் பணப்பரிவர்த்தனைச் சேவைகள் தடைப்பட்டன. சி-எட்ஜ் என்னும் பெயரையே அறியாத உழவர் யாரை வினவுவார்? வங்கி நிறுவனத்தைச் சுட்டும். நிறுவனம் திருடனைச் சுட்டும். திருடனோ கண்ணுக்குப் புலப்படான்.

2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இச்சங்கிலிக்கு விடை கூறுகிறது. பணியைப் பிறரிடம் விட்டிருந்தாலும், தகவல் எதற்காக, எவ்வாறு பயன்பட வேண்டும் என முடிவுசெய்தவரே பொறுப்பாளர். தகவல் வெளியே கசிவது மட்டுமன்று, உரிய நேரத்தில் எட்டாமற் போவதும் மீறலே. தக்க காப்பின்றி விட்டால் 250 கோடி ரூபாய் வரையிலும், நிகழ்ந்ததை அறிவிக்கத் தவறினால் 200 கோடி ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின.

வரவேற்கத்தக்கதே. ஆயினும் அபராதம் அரசுக் கருவூலத்தைச் சேருமேயன்றி, இழந்தவர் கையைச் சேராது. நிறுவனத்தின் கவனக்குறைவால் இழந்தோர் ஈடுபெற வழிவகுத்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் புதிய சட்டம் நீக்குகிறது. தண்டித்தல் வேறு, ஈடுசெய்தல் வேறு அன்றோ?

எந்தப் பூட்டும் முழுமையானதன்று என நிறுவனங்கள் கூறுவது உண்மையே. இயலாததை எவரும் கேட்கவில்லை. காக்க இயலாததைத் திரட்டாமலிருத்தல், விவேகமுள்ள காப்பாளர் செய்வதைச் செய்தல், தவறு நேர்ந்தால் மறைக்காது உரியவரிடம் முதலில் உரைத்தல், அவர் இழப்பை ஈடுசெய்தல் ஆகிய இவற்றையே கேட்கிறோம். பேரேடு வைத்திருக்கும் சிறு விடுதிக்கும் பெருநிறுவனத்திற்கும் இக்கடமை ஒன்றே. அபராதம் செலுத்தியதும் அரசுக்கான கணக்கு முடியலாம். அடைக்கலம் தந்தவருக்கான கணக்கு அதனால் முடிவதில்லை.